குளத்தில் என்ன கோளாறு? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

டெல்டாவில் மீன் குளம் வைத்திருப்பவர்கள் போன் செய்தால் முதல் கேள்வி, “என்ன மருந்து போடலாம்?” என்பதாகத்தான் இருக்கும். நான் திருப்பிக் கேட்பது, “இந்த ஒரு வாரத்தில் குளத்துக்குள் என்னென்ன போச்சு?” பாதிப் பேருக்கு விடை அங்கேயே கிடைத்துவிடும். சத்தோ நஞ்சோ, குளத்துக்குள் வர மூன்று வழிதான் உண்டு: வாய்க்கால் தண்ணீர், நாம் பிரித்துக் கொட்டும் மூட்டை, ஏற்கெனவே அடியில் கிடக்கும் சேறு. எந்த வழி என்று தெரியாமல் நீங்கள் போடும் மருந்து நான்காவது வழியாகிவிடும்.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் காசில்லாமல் பார்க்கக்கூடியது முதலில், செலவு பிடிப்பது கடைசியில். கணக்கெல்லாம் ஒரு ஏக்கர் பரப்பில் ஐந்தடி தண்ணீர் நிற்கும் குளத்துக்கு. அதில் சுமார் 60 லட்சம் லிட்டர் இருக்கும். அதாவது எந்தப் பொருளையும் லிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவில் கலக்க 6 கிலோ வேண்டும். இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால், “ஏக்கருக்கு ஒரு பாக்கெட் போதும்” என்று கடையில் சொல்லும்போது நீங்களே வகுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

கையில் இருக்க வேண்டியவை கொஞ்சம்தான். மீன் தொட்டிக் கடைகளில் விற்கும் சொட்டுச் சோதனைப் பெட்டி (பி.எச். என்ற அமில-கார அளவு, அமோனியா, நைட்ரைட் மூன்றும் பார்க்கக்கூடியது), தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் பேனா அளவு டி.டி.எஸ். மீட்டர், 20 செ.மீ. அகலத்தில் கறுப்பும் வெள்ளையுமாகக் கால்வாசி கால்வாசி பெயின்ட் அடித்த ஒரு தட்டு. தட்டின் நடுவில் கயிறு கட்டி, அடியில் ஒரு கல்லையும் தொங்கவிட்டுத் தண்ணீரில் இறக்கினால் எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று அளக்கலாம். அப்புறம் ஒரு நோட்டு. காலை 6 மணிக்கும் மதியம் 3 மணிக்கும் எடுத்த அளவுகளைத் தனித்தனியாக எழுதுங்கள். நேரம் போடாத பி.எச். அளவால் பயன் இல்லை. ஒரே குளம் காலையில் 7.5, மதியம் 9 காட்டும்.

## அறிகுறி 1: விடியற்காலையில் மீன் தலை தூக்கி வாய் பிளக்கிறது

முதலில் உயிரைக் காப்பாற்றுங்கள், காரணத்தை அப்புறம் தேடலாம். தீவனத்தை நிறுத்துங்கள். ஏரேட்டர் (தண்ணீரில் காற்றைக் கலக்கும் இயந்திரம்) இருந்தால் ஓட விடுங்கள். இல்லையென்றால் மோட்டாரைப் போட்டு, குளத்துத் தண்ணீரையே எடுத்துக் குழாய் வாயில் ஓட்டை போட்ட தகரத்தைக் கட்டி உயரத்திலிருந்து மழை மாதிரி விழச் செய்யுங்கள். போர் தண்ணீரை நேராகக் குழாய் வழியே உள்ளே விட்டால் பலன் குறைவு, ஏனென்றால் நிலத்தடித் தண்ணீரில் ஆக்சிஜன் அநேகமாக இருக்காது. அதையும் படிக்கட்டிலோ பலகையிலோ மோதித் தெறித்து விழச் செய்ய வேண்டும்.

கெண்டை வகைகளுக்கு லிட்டருக்கு 5 மி.கி. ஆக்சிஜன் இருந்தால் நல்லது. 3க்குக் கீழே போனால் திணறல், 1ஐ நெருங்கினால் சாவு. வெள்ளிக்கெண்டையும் கட்லாவும்தான் முதலில் மேலே வரும். இறால்கள் கரை விளிம்பில் வந்து ஒட்டிக்கொண்டு நிற்கும். விராலும் கெளுத்தியும் காற்றையே நேரடியாக எடுத்துக்கொள்பவை, அவை அசராமல் சுற்றிக்கொண்டிருக்கும். இதை நினைவில் வையுங்கள், அறிகுறி 5இல் இது வேலைக்கு வரும்.

### வெயில் ஏறி 9 மணிக்குச் சரியாகிவிட்டால்

ஆக்சிஜன் குறைவுதான். எளிதான காரணத்திலிருந்து பாருங்கள்.

நேற்று முழுக்க மேகமூட்டமா? பாசி பகலில் ஆக்சிஜன் தரும், இரவில் அதுவே எடுத்துக்கொள்ளும். வெயில் இல்லாத நாளில் வரவு குறைந்து செலவு அப்படியே நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் தீவனத்தைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள், மழை விடும்வரை உரமும் சாணமும் வேண்டாம்.

தண்ணீர் அடர்பச்சையாக இருக்கிறதா? அப்படியானால் அறிகுறி 2க்குப் போங்கள்.

சமீபத்தில் பச்சைச் சாணமோ கோழி எச்சமோ கொட்டினீர்களா? அது மக்கும்போதே ஆக்சிஜனைத் தின்னும். நான் பார்த்த குளங்களில், விடியற்காலைத் திணறல் நாள்தோறும் வருகிறதென்றால் பெரும்பாலும் எங்கோ ஒரு மூலையில் சாணம் குவியலாகக் கிடக்கும். கரையோரம் நடந்து, கழி வைத்துக் குத்திப் பாருங்கள்.

இதெல்லாம் இல்லையென்றால் மீன் அதிகம். கொஞ்சம் பிடித்து விற்றுவிடுவது ஏரேட்டர் வாங்குவதைவிட மலிவு.

### வெயில் ஏறியும் திணறல் நிற்கவில்லை என்றால்

செத்த மீன் வேண்டாம், துடித்துக்கொண்டிருக்கும் ஒன்றைப் பிடித்துச் செவுள் மூடியைத் தூக்கிப் பாருங்கள். ரத்தச் சிவப்பாக இருந்தால் நல்ல செவுள். சேறோ துரு நிறத்தில் ஏதோவோ அப்பியிருந்தால் கலங்கலும் போர் தண்ணீர் இரும்பும் சந்தேகத்துக்குரியவை. வீங்கி, கோழை கட்டிக் கிழிந்த மாதிரி இருந்தால் அமோனியாவையும் ஒட்டுண்ணியையும் பார்க்க வேண்டும்.

டிகாக்‌ஷன் நிறத்தில் பழுப்பாக இருந்தால் நைட்ரைட். தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தும் ரத்தத்தால் அதைச் சுமக்க முடியாத நிலை இது. மருந்து கல்லுப்புதான். உப்பிலுள்ள குளோரைடு செவுள் வழியாக நைட்ரைட் நுழைவதைத் தடுக்கும். நைட்ரைட்டைப் போல் பத்து மடங்கு குளோரைடு தண்ணீரில் இருக்க வேண்டும். சோதனையில் 1 மி.கி. காட்டினால் நம் ஒரு ஏக்கர் குளத்துக்குச் சுமார் 100 கிலோ கல்லுப்பு. கரைத்து, குளம் முழுக்கப் பரவலாக ஊற்றுங்கள். வேதாரண்யம், நாகை பக்கம் உவர் போர் தண்ணீர் விடும் குளங்களில் குளோரைடு ஏற்கெனவே நிறைய இருக்கும், அங்கே இந்தத் தொல்லை அபூர்வம். உப்பு மீனைத்தான் காப்பாற்றும், நைட்ரைட்டைக் குறைக்காது. அது வந்த வழி தீவன மூட்டைதான், அதைக் குறைக்காவிட்டால் மறுபடி வரும்.

அமோனியா கொஞ்சம் தந்திரமானது. சோதனைப் பெட்டி காட்டுவது மொத்த அமோனியா. அதில் மீனைக் கொல்வது ஒரு பகுதி மட்டும், அந்தப் பகுதி பி.எச். ஏற ஏறப் பெருகும். 30 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 என்றால் நூற்றில் ஒரு பங்குகூட நஞ்சில்லை. 8 என்றால் சுமார் 7 பங்கு, 9 என்றால் 40 பங்குக்கும் மேல். ஆகவே காலையில் 2 மி.கி. காட்டி மீன் சும்மா இருக்கும், அதே 2 மி.கி. மதியம் 3 மணிக்கு மீனைப் புரட்டிப் போடும். அமோனியாவை எப்போதும் மதிய பி.எச். அளவோடு சேர்த்துப் படியுங்கள்.

இங்கேதான் பலர் சுண்ணாம்பு மூட்டையைத் தூக்குகிறார்கள். அமோனியா இருக்கும் குளத்தில் சுட்ட சுண்ணாம்பு போட்டால் பி.எச். ஒரேயடியாக ஏறி, நஞ்சில்லாமல் கிடந்ததையும் நஞ்சாக்கிவிடும். யூரியா போட்ட கையோடு சுண்ணாம்பு போடுவதும் அதே கதைதான். செய்ய வேண்டியது: இரண்டு மூன்று நாள் தீவனம் நிறுத்தம், முடிந்தால் அடித்தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்கை வெளியேற்றிப் புதுத்தண்ணீர், பகலிலும் ஏரேட்டர். தீவனத்திலுள்ள நைட்ரஜனில் ஏறத்தாழ கால்வாசிதான் மீன் உடம்பில் சேருகிறது, மீதி தண்ணீருக்கும் சேற்றுக்கும்தான். ஜியோலைட் தூள் நன்னீரில் அமோனியாவைப் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் அறுபது லட்சம் லிட்டருக்கு வேண்டிய அளவை விலை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

எப்போது ஆளைக் கூப்பிடலாம்: மூன்று நாள் தீவனம் நிறுத்தியும் மதிய நேரத் திணறல் குறையவில்லை என்றால், அல்லது செவுளில் கண்ணுக்குத் தெரியும் பூச்சி, வெள்ளைப்புள்ளி இருந்தால். மீன்வளத்துறையின் உதவி இயக்குநர் அலுவலகம் மாவட்டத்தில் இருக்கும். நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் இருப்பது டெல்டாக்காரர்களுக்கு வசதி. வழி தெரியாதவர்கள் 1800-180-1551 என்ற உழவர் அழைப்பு மைய எண்ணில் தமிழிலேயே கேட்கலாம், கட்டணம் இல்லை.

## அறிகுறி 2: தண்ணீர் பச்சையாகிவிட்டது

பச்சை என்றாலே கெடுதல் இல்லை. மீனுக்கு இயற்கை உணவு அதுதான். தட்டு 25 முதல் 40 செ.மீ. ஆழத்தில் மறைந்தால் அருமையான தண்ணீர். தட்டு இல்லாதவர்கள் முழங்கை முங்கும்வரை கையை விட்டுப் பாருங்கள், உள்ளங்கை மங்கலாகத் தெரிந்தால் போதும். மணிக்கட்டே தெரியவில்லை என்றால் சத்து மிஞ்சிவிட்டது.

### பச்சை, ஆனால் கலந்து நிற்கிறது

கண்ணாடிப் பாட்டிலில் மொண்டு ஒரு இரவு நிழலில் வையுங்கள். நிறம் பரவலாகவே நின்றாலோ அடியில் தங்கினாலோ சாதாரணப் பாசி. உரத்தையும் சாணத்தையும் நிறுத்துங்கள், தீவனத்தைக் குறையுங்கள். இரண்டு வாரத்தில் இறங்கவில்லை என்றால் வெளியிலிருந்து சத்து வந்துகொண்டிருக்கிறது. மாட்டுக்கொட்டகைக் கழிவு, கோழிப்பண்ணைச் சரிவு, வயல் வடிகால் மூன்றையும் நடந்து போய்ப் பாருங்கள். மழை பெய்துகொண்டிருக்கும்போதே குடையோடு போய்ப் பார்ப்பதுதான் சரியான சோதனை. வெயில் நாளில் தெரியாத ஓடை மழையில் தெரியும்.

எல்லாம் அடைத்தும் மாறவில்லையா? அப்படியானால் சேறு. பாஸ்பரஸ் அடிச்சேற்றில் இரும்போடு ஒட்டிக்கொண்டு கிடக்கும், அடியில் ஆக்சிஜன் தீர்ந்ததும் பிரிந்து மேலே வரும். உரமே போடாத பழைய குளம் ஆண்டுதோறும் பச்சையாவது இதனால்தான். கோடையில் வற்ற வைத்து, வெடிக்கும்வரை காய விட்டு, மேல் அரை அடிச் சேற்றை வாரி வயலில் போடுவதுதான் நிரந்தர வழி. முந்தைய தலைமுறை வண்டல் அள்ளியது சும்மா இல்லை.

### பெயின்ட் கொட்டிய மாதிரி மேலே மிதக்கிறது

காற்று தள்ளிக்கொண்டு போகும் கரைப் பக்கம் ஒதுங்கித் தடிப்பாக நிற்கும். குச்சியை விட்டு எடுத்தால் நூலாகத் தொங்காமல் குச்சியில் பூச்சாக ஒட்டும். பாட்டிலில் வைத்தால் காலையில் மேலே ஏறி நிற்கும். இது நீலப்பச்சைப் பாசி, பெரும்பாலும் மைக்ரோசிஸ்டிஸ். இதன் நஞ்சு கல்லீரலைத் தாக்கும், கொதிக்க வைத்தாலும் போகாது. ஆடு மாட்டை அந்தப் பக்கம் விடாதீர்கள். குழந்தைகள் குளிக்க வேண்டாம்.

மயில்துத்தம் (காப்பர் சல்பேட், அதாவது செம்பு உப்பு) தெளிக்கச் சொல்லுவார்கள். ஒரே நாளில் பாசி செத்துவிடும்தான். உள்ளேயிருந்த நஞ்சு மொத்தமும் தண்ணீருக்கு வரும், செத்த பாசி அழுகி இரவுக்குள் ஆக்சிஜனைக் காலி செய்யும், செம்பு சேற்றிலேயே தங்கும். மீன் உள்ள குளத்தில் நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. பாசி ஒதுங்கிய பக்கம் மெல்லிய துணிவலையால் ஒதுக்கி வாரி எடுங்கள், கையுறையோடு. வாரியதைக் கரையில் போடாமல் தள்ளிக் குழி தோண்டிப் புதையுங்கள்.

எப்போது ஆளைக் கூப்பிடலாம்: அந்தத் தண்ணீரைக் குடித்த மாடு தள்ளாடினால் கால்நடை மருத்துவர், அன்றைக்கே. ஊர் குடிநீருக்கு எடுக்கும் குளம் என்றால் ஊராட்சிக்குச் சொல்லி நீரேற்றத்தை நிறுத்தச் சொல்லுங்கள்.

### செங்கல் நிறத்தில் படலம், சாயங்காலம் பச்சையாகிறது

பயப்பட வேண்டாம், யாரும் சாயம் கலக்கவில்லை. யூக்ளினா என்ற நுண்ணுயிர், வெயிலில் சிவக்கும், வெயில் தாழ்ந்தால் பச்சையாகும். கழிவுச் சத்து மிஞ்சிய ஆழமில்லாக் குளங்களில் வரும். வைக்கோல் பிரியை இரண்டு பேர் இரு கரையில் பிடித்து மேற்பரப்பில் இழுத்து ஒதுக்கினால் போதும்.

### நேற்று அடர்பச்சை, இன்று காலை தெளிந்துவிட்டது

சந்தோஷப்படாதீர்கள். பாசி மொத்தமாகச் செத்துவிட்டது என்று பொருள். அடுத்த இரண்டு மூன்று இரவுகள் ஆபத்தானவை: ஆக்சிஜன் விழும், அமோனியா ஏறும். ஏரேட்டரோ மோட்டாரோ இரவு முழுக்க ஓட வேண்டும்.

## அறிகுறி 3: சேற்று நிறக் கலங்கல் தெளியவே மாட்டேன் என்கிறது

சாதாக்கெண்டை நிறைய விட்டிருந்தால் அது அடியைக் கிளறிக்கொண்டே இருக்கும், வேறு காரணம் தேட வேண்டாம். இல்லையென்றால் பாட்டில் சோதனை: ஒரு நாளில் தெளிந்தால் கரை அரிப்பு, புல் நடுங்கள். மூன்று நாளாகியும் பால் மாதிரி நின்றால் களிமண் துகள்.

கிணற்றுக் குடத்துக்குத் தேற்றான்கொட்டை இழைத்தது போல, குளத்துக்குப் படிகாரமும் ஜிப்சமும். படிகாரம் வேகமாகத் தெளியவைக்கும், ஆனால் பி.எச்.சை இறக்கும். கூடவே பாஸ்பரஸையும் பிடித்து அடியில் அமர்த்தும். முதலில் ஐந்து பாட்டிலில் வேறு வேறு அளவு போட்டுப் பார்த்து, குறைந்த அளவில் தெளிவதைக் குளத்துக்குக் கணக்கிடுங்கள். ஒன்றை மறக்காதீர்கள்: உரமும் பூச்சிமருந்தும் இந்தக் களிமண் துகளில் ஒட்டிக்கொண்டுதான் பயணம் செய்கின்றன. மழை தோறும் கலங்கல் உள்ளே வருகிறதென்றால் மடைக்கு முன்னால் ஒரு சிறு வண்டல் குழி வெட்டுங்கள். தண்ணீர் அதில் தேங்கி வழிந்து வந்தால் பாதிச் சுமை அங்கேயே இறங்கிவிடும்.

## அறிகுறி 4: அழுகிய முட்டை வாடை, அடியிலிருந்து குமிழ்

காலால் சேற்றைக் கிளறி ஒரு பிடி எடுங்கள். மேலே ஒரு விரல்கடை பழுப்பாக இருந்து அடியில் மட்டும் கறுப்பு என்றால் சமாளிக்கலாம். மேலிருந்தே கரிக்கறுப்பு, முட்டை வாடை என்றால் சேற்றின் மேற்பரப்பு வரை ஆக்சிஜன் இல்லை, ஹைட்ரஜன் சல்பைடு வெளியே வருகிறது. மிர்கால் மாதிரி அடிமட்ட மீன்தான் முதலில் அடிபடும்.

தீவனம் விழும் இடம் மட்டும் கறுப்பா? தீவனம் மிஞ்சுகிறது. தட்டில் வைத்து இறக்கி, இரண்டு மணி நேரத்தில் எவ்வளவு மீதி என்று பாருங்கள். குளம் முழுக்கக் கறுப்பா? சங்கிலி கட்டிய கயிற்றை அடியில் இழுக்கும் பழக்கம் உண்டு. செய்யலாம், ஆனால் நல்ல வெயில் நாளில், முற்பகலில், ஒரு நாளைக்கு ஒரு மூலை. மேகமூட்ட நாளில் மொத்தக் குளத்தையும் கிளறினால் மறுநாள் மீன் வியாபாரியைக் கூப்பிட வேண்டியிருக்கும். இதற்கும் கடைசி மருந்து வற்ற வைத்துக் காய விடுவதுதான்.

## அறிகுறி 5: வாய்க்கால் தண்ணீர் ஏற்றினேன், அல்லது மழை பெய்தது, மீன் செத்துவிட்டது

சண்டைக்குப் போவதற்கு முன் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: ஆக்சிஜன் சாவா, நஞ்சுச் சாவா?

விடியற்காலையில் செத்ததா? பெரிய மீன் முதலில் போய், சிறிசுகள் மிஞ்சினவா? விராலும் கெளுத்தியும் உயிரோடு இருக்கின்றனவா? அப்படியானால் ஆக்சிஜன். மழையின் குளிர்ந்த தண்ணீர் கீழே இறங்கி, ஆக்சிஜனில்லாத அடித்தண்ணீரை மேலே தள்ளியிருக்கும். அல்லது மேட்டூர் திறந்து வாய்க்காலில் வந்த முதல் தண்ணீர், மாதக்கணக்கில் கிடந்த குப்பையையும் சாக்கடையையும் அடித்துக்கொண்டு வந்திருக்கும். முதல் தண்ணீரைக் குளத்துக்குள் விடவே கூடாது. நான்கைந்து நாள் ஓடவிட்டு அப்புறம் மடையைத் திறங்கள்.

பட்டப்பகலில் செத்ததா? சிறிசு பெரிசு எல்லாம் ஒன்றாகவா? விராலும் சேர்ந்தா? இறால், தவளைக்குஞ்சு, தண்ணீர் மேல் ஓடும் பூச்சி எல்லாம் காணாமல் போய், பாசி மட்டும் பச்சையாக நிற்கிறதா? இது பூச்சிமருந்து. மீன் வட்டமடித்து, துள்ளி, முதுகு வளைந்து செத்திருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்துகள் மனிதருக்குக் குறைவான நஞ்சு என்றாலும், மீனுக்கும் இறாலுக்கும் மிகச் சிறிய அளவே போதும். தெளிப்பான் கழுவிய தண்ணீர் வாய்க்காலில் போனாலே சின்னக் குளத்துக்குப் போதுமானது.

### சோதனை

ஒரு வாளியில் சந்தேகத் தண்ணீர், இன்னொன்றில் நல்ல தண்ணீர். இரண்டிலும் மீன் தொட்டிக் காற்றுப் பம்பைப் போட்டு, பத்துப் பத்து மீன்குஞ்சு விடுங்கள். காற்று இரண்டிலும் இருப்பதால் ஆக்சிஜன் பேச்சே இல்லை. ஒரு நாளில் முதல் வாளிக் குஞ்சுகள் மட்டும் செத்தால் நஞ்சுதான்.

### செய்ய வேண்டியது

மடையை அடையுங்கள். நல்ல தண்ணீர் இருந்தால் விட்டுக் கலக்குங்கள். செத்த மீனை விற்காதீர்கள், வீட்டுக்கும் வேண்டாம், நாய்க்கும் போடாதீர்கள். பைரித்ராய்டு சேற்றில் ஒட்டும் குணம் உடையது. தண்ணீர் தெளிந்த பின்னும் வாளிச் சோதனையை மறுபடி செய்து, குஞ்சு பிழைத்தால்தான் புது இருப்பு விட வேண்டும்.

### மாதிரி எடுப்பது

ஆய்வுக்கூடத்தில் வேலை முடங்குவது பெரும்பாலும் மாதிரி கெட்டுப்போனதால்தான். தண்ணீரை நன்றாகக் கழுவிய கண்ணாடிப் பாட்டிலில் கழுத்துவரை நிரப்புங்கள், பூச்சிமருந்து பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். மடை வாயில் ஒன்று, குளத்து நடுவில் ஒன்று, வாய்க்காலில் மேலே தள்ளி ஒன்று. செத்துக்கொண்டிருக்கும் மீனை அலுமினியத் தாளில் சுற்றி ஐஸில் வையுங்கள், ஃபார்மலின் ஊற்றாதீர்கள். ஊதிப்போன மீனால் எதுவும் தெரியாது. தேதி, நேரம், இடம் எழுதி ஒட்டி, போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.

எப்போது ஆளைக் கூப்பிடலாம்: வாளிச் சோதனையில் நஞ்சு என்று தெரிந்த நிமிடமே. மீன்வளத்துறைக்கு ஒரு மனு, தமிழ்நாடு மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு மனு. இழப்பீடு கேட்கும் எண்ணம் இருந்தால் மாதிரியை நீங்களாக எடுக்காமல் அலுவலர் முன்னிலையில் எடுப்பதுதான் பின்னால் நிற்கும்.

## அறிகுறி 6: ஆகாயத்தாமரையும் பாசியும் குளத்தை மூடுகின்றன

மிதக்கும் செடி தண்ணீரில் கரைந்த சத்தைத் தின்று வளர்வது. செழிப்பாகக் கிடக்கிறதென்றால் எங்கோ சாக்கடை சேர்கிறது. ஆகாயத்தாமரை நல்ல காலத்தில் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும், ஆகவே கால்வாசி மூடியபோதே இறங்குங்கள்.

பிடுங்கிக் கரையிலேயே குவிப்பதை ஊர் ஊராகப் பார்க்கிறேன். அழுகி, முதல் மழையில் அதே சத்து குளத்துக்கே திரும்பும். வண்டி வைத்துத் தள்ளிக் கொண்டுபோய் மக்க வையுங்கள், அப்போதுதான் குளத்திலிருந்து சத்து உண்மையிலேயே வெளியேறுகிறது. சாயக்கழிவோ தோல்கழிவோ கலக்கும் இடத்துச் செடியை மட்டும் உரமாக்க வேண்டாம், அது உலோகங்களையும் வேரில் இழுத்து வைத்திருக்கும்.

களைக்கொல்லி அடித்தால் செடி மூழ்கி அழுகும், சத்து அப்படியே உள்ளே, ஆக்சிஜன் போச்சு. தண்ணீருக்குள் முளைக்கும் வேலம்பாசிக்குப் புல்கெண்டை நல்ல தீர்வு. ஆனால் அது ஆகாயத்தாமரையைத் தொடாது, தின்ற வேலம்பாசியையும் பெரும்பாலும் எச்சமாகத் திருப்பித் தரும். செடி போய்த் தண்ணீர் பச்சையானால் ஆச்சரியப்படாதீர்கள்.

## அறிகுறி 7: நுரை, எண்ணெய்ப் படலம், வெள்ளைப் பூச்சு

நுரை பழுப்பாக, மண் வாடையோடு, தொட்டால் அடங்கினால் மக்கிய இலை தழையால் வந்தது, விட்டுவிடுங்கள். வெள்ளையாக, சோப்பு வாசனையோடு குவிந்து நின்றால் சலவைத் தண்ணீரோ சாக்கடையோ. பெங்களூரு பெல்லந்தூர் ஏரியில் சாலை வரை பறந்த நுரை இந்த வகைதான். உங்கள் குளத்தில் வந்தால் நுரையை அடிக்காமல் குழாயைத் தேடுங்கள்.

வானவில் நிறப் படலத்தைக் குச்சியால் கலையுங்கள். சில்லுச் சில்லாக உடைந்து அப்படியே நின்றால் இரும்புப் பாக்டீரியா, தீங்கில்லை. உடனே திரும்பி ஒன்றுசேர்ந்தால் டீசல் அல்லது எண்ணெய். உங்கள் மோட்டாரையே முதலில் பாருங்கள்.

கரையோரம் காய்ந்த இடத்தில் வெள்ளை உப்புப் படிந்து, டி.டி.எஸ். வழக்கத்தைவிடத் திடீரென ஏறினால் மேலே யாரோ கழிவு விடுகிறார்கள், அல்லது கடலோரத்தில் உவர்நீர் உட்புகுகிறது. நொய்யலில் 1992இல் பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் தொட்டியாகிப்போனது. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிடும் அளவுக்குப் போனது. உப்பு மக்காது, பாசி தின்னாது, படிகாரம் பிடிக்காது. உங்களிடம் இதற்கு வைத்தியம் இல்லை. தேதி வாரியாக டி.டி.எஸ். குறித்த நோட்டோடு நேராக மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போங்கள்.

## அறிகுறி 8: மீன் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் சாப்பிடலாமா?

சேற்று வாடை மட்டும் அடித்தால் நீலப்பச்சைப் பாசியும் சில மண் பாக்டீரியாவும் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள் காரணம். உடம்புக்குக் கெடுதல் இல்லை. பிடித்த மீனைத் தீவனம் போடாமல் ஓடும் நல்ல தண்ணீரில் சில நாள் விட்டால் வாடை போகும்.

ஆலைக்கழிவு சேரும் தண்ணீரில் விஷயம் வேறு. அங்கே பாசியில் துளியளவு இருப்பது பூச்சியில் கூடி, சின்ன மீனில் இன்னும் கூடி, விரால் மாதிரி மீனைத் தின்னும் மீனில் பல மடங்காக நிற்கும். டி.டி.டி. போன்ற பூச்சிமருந்துகள் கொழுப்பில் தங்கும், ஆகவே தோலையும் வயிற்றுக் கொழுப்பையும் நீக்கினால் ஓரளவு குறையும். பாதரசம் சதையிலேயே தங்கும், எப்படி அறுத்தாலும் சமைத்தாலும் போகாது. கொடைக்கானலில் பாதரச வெப்பமானி ஆலை 2001இல் மூடப்பட்டது. அதன் பிறகு ஏரியின் மீனிலும் பாதரசம் இருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட இடத்தில் நீங்களே பார்க்கக்கூடிய சோதனை எதுவும் கிடையாது. கண்ணுக்கும் மூக்குக்கும் மீன் அருமையாகத் தெரியும். உலோகத்துக்கும் பூச்சிமருந்து எச்சத்துக்கும் அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்தில்தான் பார்க்க வேண்டும், காசும் கூடுதலாகும். ஒரே ஒரு மீன் அனுப்பலாம் என்றால் குளத்திலேயே பெரிய, வயதான விராலை அனுப்புங்கள். அதில் தேறினால் மற்ற மீன்களைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. தேறாவிட்டால் அடுத்த இருப்பு விடுவதற்கு முன் சேற்றையும் ஒரு பாட்டிலில் அனுப்பிப் பாருங்கள்.